அக்காவின் கரண்டைக்கால்

எங்கள் பக்கத்தில் காலில் புண் என்று யாராவது சொன்னால், எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் "சக்கர இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அக்காவிடமும் அதைத்தான் கேட்டார்கள். கேட்டவர்களின் மனத் திருப்திக்காகவே அவள் ஐந்தாறு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டாள். சர்க்கரை இல்லை. இருந்தும் அந்தப் புண்ணுக்கு ஊரில் சர்க்கரைப் புண் என்றே பெயர். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலோ விரலிலோ வரும். அக்காவுக்கு வந்தது வலது கரண்டைக்காலின் உள்பக்கம், எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே. அந்த இடத்தைப் பார்த்ததுமே யாராவது ஒருவர் வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும். நான் இயற்பியல் வாத்தியார், எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அந்தக் காலை நான் நெருக்கமாகப் பார்த்தது ஒரு தீபாவளிக்கு முந்தின இரவில். வேலை முடிந்து பதினொரு மணிக்குமேல் வந்து, திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் காலை நீட்டினாள். கெண்டைக்காலில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு நீலக்கொடி, நேராகப் போகாமல் மண்புழு மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கியது. அதற்குக் கீழே தோல் வேறொருத்தியின் தோலாக இருந்தது. காய்ந்த மாவிலையின் பழுப்பு, தொட்டால் பலகை மாதிரி இறுக்கம். நடுவே எட்டணா அகலத்தில் புண். துணியைப் பிரித்தால் ஈரம் கசிந்தது. பாதம் வீங்கி, செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்திருந்தது. "அரிப்புதாம்ல தாங்க முடியல. வலியக் கூடப் பொறுத்துக்கிடுவேன்" என்றாள்.

1998-ல் பத்தொன்பது வயதில் துணிக்கடை வேலைக்குப் போனவள் அக்கா. அவள் சம்பளத்தில்தான் நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி., பி.எட். படித்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்குப் பெரும்பாலான கடைகளில் அதுதான் வழக்கம்: காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். ஆளில்லாத நேரத்தில்கூட ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். ஆடி மாசம், தீபாவளி, பொங்கல் என்றால் கணக்கே கிடையாது. எங்கள் ஊர் சுத்தமல்லிக்குக் கடைசி பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் நின்றுகொண்டுதான் வருவாள்.

நிற்பதில் என்ன இருக்கிறது, வயல்காட்டில் பெண்கள் நாள் முழுக்கக் காலில்தானே இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் இருப்பவர் நடக்கிறார், குனிகிறார், சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கிறார். கடையில் நிற்பவர் ஒரே இடத்தில் நிற்கிறார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதயத்திலிருந்து கரண்டைக்கால் வரை ஏறக்குறைய நாலடி. நாலடி உயர ரத்தத் தூண் கீழே என்ன அழுத்தம் கொடுக்கும் என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்: அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். அசையாமல் நிற்கும்போது கரண்டைக்கால் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், இருக்கும் அழுத்தம் அதுதான். நடந்தால் கெண்டைக்கால் சதை சுருங்கி ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. அழுத்தம் 30 அளவுக்கு இறங்கிவிடும். தள்ளிய ரத்தம் திரும்பிக் கீழே வராமல் இருக்க, சிரைக்குள் அங்கங்கே சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன.

எங்கள் ஊரில் இதை விளக்கப் படம் தேவையில்லை. கிணற்று மோட்டார் குழாயின் அடி நுனியில் புட்வால்வு இருக்கிறது அல்லவா, அதேதான். புட்வால்வு போய்விட்டால் என்ன ஆகும்? மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் மொத்தமும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அக்காவின் காலில் புட்வால்வு போயிருந்தது. கரண்டைக்காலில் தொடங்கித் தொடையிடுக்கு வரை தோலுக்குச் சற்று அடியில் ஓடும் பெரிய சிரை ஒன்று உண்டு. உடம்பிலேயே நீளமான சிரை அது. தொடையிடுக்கில் ஆழச் சிரையோடு அது சேரும் இடத்து வால்வு கெட்டால், மேலே ஏறிய ரத்தம் அதே வழியாகக் கீழே கொட்டும். அழுத்தம் குறையாது. சிரை அகன்று நெளியும். சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிந்து பழுப்பாகும். அதற்குமேல் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தால் போதும், புண். அந்தப் புண் ஆறாது, ஏனென்றால் கீழே கொட்டுவது நிற்கவே இல்லை.

ஆனால் இத்தனை வருஷமும் அக்காவைத் தடுத்து நிறுத்தியது நோயைவிட ஒரு சொல்தான். நரம்பு. நாம் எல்லாவற்றுக்கும் நரம்பு என்கிறோம். வீணையில் இருப்பது நரம்பு, வெற்றிலையில் ஓடுவது நரம்பு, மூளையிலிருந்து விரலுக்கு வருவது நரம்பு, ஊசி போடக் கையில் தேடுவதும் நரம்பு. பள்ளிப் புத்தகத்தில் சிரை, தமனி, நரம்பு என்று தனித்தனியாகப் படிக்கிறோம், பரீட்சை முடிந்ததும் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம். இப்படிச் சிரை அகன்று நெளிகிற வெரிகோஸ் வெயினுக்கு ஊரில் "நரம்பு சுருட்டல்" என்று பெயர். 2014-ல் புண் முதல் தடவை வந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில், "நரம்ப உருவி எடுக்கணும்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தக் குழாய், எதற்காக, எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்டவளுக்குக் கை கால் இழுத்துக்கொண்ட ஆட்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். "நரம்ப எடுத்துட்டா காலு வெளங்குமால? நொண்டிக்கிட்டு நின்னா எந்தக் கடக்காரன் வச்சிக்கிடுவான்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

அதற்கப்புறம் களிம்பு, மாத்திரை, ஆன்டிபயாடிக், வேப்பெண்ணெய், மஞ்சள், யாரோ சொன்ன பச்சிலை. மூன்று மாதம் ஆறும், ஆறு மாதம் திறக்கும். "சவத்த விடு, இருக்க மட்டும் இருக்கட்டும்" என்பாள்.

2021-ல் பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில் நான் உட்கார்ந்து படித்தேன். அப்படிப் படிக்கும்போதுதான் குவித்த அல்ட்ராசவுண்டால் சிரையை அடைப்பது பற்றித் தெரிய வந்தது. கத்தி கிடையாது, சிரைக்குள் கம்பி கிடையாது. வெளியிலிருந்து ஒலியை அனுப்பி, தோலுக்கு அடியில் இருக்கும் சிரையின் சுவரைச் சுட்டு மூடிவிடுகிறார்கள். படித்ததும் எனக்கு அம்மாவின் பீடித்தட்டு ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் தாத்தாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், அம்மா வெட்டி அடுக்கி வைத்திருந்த பீடி இலையில் வெயிலைக் குவித்து ஓட்டை போட்டேன். முதுகில் கிடைத்த அடியைவிட, அதற்குமுன் பார்த்த ஒரு விஷயம்தான் மனதில் நின்றது. கண்ணாடிக்கும் இலைக்கும் நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்புத்தான். இலையில் அந்தப் புள்ளி விழும் இடத்தில் மட்டும் புகை. வெயில் ஒன்றுதான், சேரும் இடம்தான் சுடுகிறது.

ஒலிக்கும் அதே கதை. நம் காதுக்கு எட்டும் எல்லை வினாடிக்கு 20,000 அதிர்வு. ஸ்கேன் கருவியின் ஒலி அதைத் தாண்டிப் பல லட்சம் அதிர்வுகளுக்கு மேலே போவது. அந்த ஒலியை உண்டாக்கும் பரப்பைக் கிண்ணம் மாதிரி வளைத்துவிட்டால், அலைகளெல்லாம் ஒரு புள்ளியில் வந்து கூடும். தோலையும் கொழுப்பையும் கடக்கும்போது அதிகம் சுடாது, கூடும் இடத்தில் சில வினாடிகளுக்குள் 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்விடும். சிரைச் சுவரின் புரதம் கோழி முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகிச் சுருங்கும். ஒரு புள்ளி முடிந்ததும் கொஞ்சம் நகர்ந்து அடுத்த புள்ளி. சுடுவதும் ஒலி, எங்கே சுடுகிறோம் என்று திரையில் காட்டுவதும் ஒலி. மேல்தோல் வெந்துவிடாமல் குளிர்விப்பதற்கும் கருவியிலேயே வழி வைத்திருக்கிறார்கள்.

இதன் பின்கதையை வகுப்பில் நான் ஆசையோடு சொல்வதுண்டு. 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். அதைத் திருப்பிப் போட்டு, படிகத்துக்கு மின்சாரம் கொடுத்து ஒலி எழுப்பி, முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடக் கருவி செய்தார் பால் லான்ஜவின். அந்த ஒலியின் பாதையில் வந்த மீன்கள் செத்து மிதந்தன, தண்ணீருக்குள் கையை விட்டால் வலித்தது. ஒலியால் திசுவைத் துன்புறுத்த முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 1942-ல் அமெரிக்காவில் ஜான் லின்னும் கூட்டாளிகளும் ஒலியைக் குவித்துத் திசுவின் ஆழத்தில் ஒரு புள்ளியை மட்டும் சுட்டுக் காட்டினார்கள். 2004-ல் கர்ப்பப்பைக் கட்டிக்கும், 2016-ல் கைநடுக்கத்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த முறையை அனுமதித்தது. சிரைக்கு இதைக் கொண்டுவந்தது பிரான்சின் தெராக்லியான் என்ற நிறுவனம். ஆரம்ப நோயாளிகளுக்கு ஆஸ்திரியாவின் மெல்க் நகரில் டாக்டர் ஆல்ஃபிரட் ஓபர்மாயர் செய்தார். 2019-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

மீனைக் கொன்ற ஒலியிலிருந்து அக்காவின் காலுக்கு வருகிற வழி நூறு வருஷம் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே அவளிடம் போய்ச் சொன்னேன். "கத்தி இல்லக்கா. குழாய்க்குள்ள கம்பியும் போவாது. சத்தத்த வச்சே அடச்சிருவாவ." அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் காலைப் பற்றி அவளாகவே கேள்வி கேட்டாள். வலிக்குமா? எம்புட்டு நேரம் ஆகும்? நம்ம ஊருக்கு எப்ப வரும்?

"வந்துரும்க்கா" என்றேன்.

நான் செய்த தப்பு அதுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு வருஷம் காத்திருந்தாள். யார் டாக்டரிடம் போகச் சொன்னாலும், "எந் தம்பி சொல்லிருக்கான், சத்தத்துல அடைக்க மிஷின் வருதாம்" என்பாள். எட்டணாவாக இருந்த புண் உள்ளங்கையில் பாதி ஆனது. பயத்தைத் தள்ளிப்போட அவளுக்கு நான் நல்லதொரு காரணம் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல செய்தியைப் பாதி சொல்வது இவ்வளவு கெடுதல் செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

2023 பங்குனியில் காய்ச்சல் வந்து, கால் சிவந்து, வேறு வழியில்லாமல் வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தக்குழாய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசுக்காரர். புண்ணைப் பார்த்துவிட்டு, முதலில் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினார். ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் தமனி நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் காலை இறுக்கிக் கட்டக்கூடாதாம். பிறகு அக்காவை நிற்க வைத்து, வலது கால் பாரத்தை எடுத்துவிடச் சொல்லி, தொடையில் பசையைத் தடவி, ரத்தம் ஓடும் திசையை அல்ட்ராசவுண்டால் காட்டும் டாப்ளர் கருவியை வைத்தார்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. டாக்டர் ஒரு கையால் கெண்டைக்காலை அழுத்தினார். திரையில் நீலம், 'வுஷ்' என்று ஒரு சத்தம். ரத்தம் மேலே போகிறது. கையை விட்டார். அதோடு அமைதியாகியிருக்க வேண்டும். திரை சிவந்தது, 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக, குழாயடியில் குடம் நிறைவது மாதிரி, ரத்தம் திரும்பிக் கீழே கொட்டிக்கொண்டே இருந்தது. "அரை செகண்டுக்கு மேல கேட்டாலே வால்வு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்மா. ஒங்களுக்கு மூணு செகண்டுக்கு மேல போவுது" என்றார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காலுக்குள் நடப்பதை அவள் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவள் கேட்டாள், "நரம்ப அடச்சா கால் செத்துப்போவாதா டாக்டர்?"

"எம்மா, இது நரம்பே இல்ல. ரத்தம் திரும்பிப் போற குழாய். ஒங்க ஊரு எது?"

"சுத்தமல்லி."

"அணைக்கட்டு இருக்குல்லா? ஆறு பெருசா, நெல்லைக் கால்வாய் பெருசா?"

"ஆறுதான்."

"ஒங்க கால்ல ஆறு உள்ள ஆழத்துல ஓடுது. பத்துல ஒம்பது பங்கு ரத்தம் அது வழியாத்தான் போவுது. இது வெறும் வாய்க்கா, அதுலயும் கரை ஒடஞ்ச வாய்க்கா. இத அடைச்சா தண்ணி ஆத்துக்குப் போயிரும், வயலு காயாது."

ஒன்பது வருஷமாக யாரும் சொல்லாததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அக்கா தலையை ஆட்டினாள். நான் அந்த அல்ட்ராசவுண்ட் மிஷினைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நல்ல முறைதான், நானும் கவனித்து வருகிறேன் என்றார். பிறகு, "புண்ணுக்கு என்ன வேணும் சார்? கொட்டுறது நிக்கணும். எத வச்சு நிறுத்துறோம்னு புண்ணுக்குத் தெரியாது" என்றார். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டினார். இங்கிலாந்தில் இப்படிப் புண் உள்ள 450 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் இறுக்கக் கட்டுப் போட்டு, ஒரு பாதிக்குச் சிரையை உடனே அடைத்தார்கள், மறுபாதிக்குத் தள்ளிப்போட்டார்கள். உடனே அடைத்தவர்களில் சரிபாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் சரிபாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. நான் தள்ளிப்போட வைத்த நாட்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குச் செய்தது ரேடியோ அலைவரிசை முறை. முழங்காலுக்குக் கீழே ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக மெல்லிய குழாயைச் சிரைக்குள் தொடையிடுக்குக்குச் சற்று கீழ் வரை ஏற்றினார்கள். உப்புத் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து சிரையைச் சுற்றி ஊசியால் நிரப்பினார்கள். வலி தெரியாமல் இருக்கவும், பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவாமல் இருக்கவும், சிரை குழாயை ஒட்டிச் சுருங்கவும் அது ஒன்றே மூன்று வேலை செய்கிறது. "இந்த ஊசிங்கதாம்ல கொஞ்சம் சுருக்குனு இருந்துச்சு, மத்தது ஒண்ணுந் தெரியல" என்றாள். குழாயின் நுனி 120 டிகிரிக்குச் சூடாகி, ஏழு சென்டிமீட்டருக்கு இருபது வினாடி என்று அடைத்துக்கொண்டே கீழே இறங்கியது. முழு மயக்கம் கொடுக்கவில்லை, தையலும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, நீளச் சாக்ஸ் மாட்டிவிட்டு, "நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நான் காப்பி வாங்கிக்கொண்டு வரும்போதும் நடந்துகொண்டிருந்தாள்.

இந்த எல்லா இடத்திலும் ஒலிதான் வழிகாட்டியது என்பதை நான் பிறகு யோசித்தேன். கோளாறைக் கண்டுபிடித்தது, ஊசியைச் சிரைக்குள் சேர்த்தது, குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று காட்டியது எல்லாம் அல்ட்ராசவுண்ட்தான். அதற்கு இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஒலியே சூட்டையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான் புதிய முறை. அது நிச்சயம் வளர வேண்டும் என்றே நினைக்கிறேன். கம்பி நுழைய முடியாத நெளிந்த சிரைக்கும், ஏற்கெனவே அடைத்து மறுபடி திறந்துகொண்ட இடத்துக்கும் அது பெரிய வரம். ஆனால் புள்ளி புள்ளியாகச் சுடுவதால் நேரம் பிடிக்கும். தோலையோ, பக்கத்தில் ஓடும் நிஜ நரம்பையோ சுட்டுவிடாமல் பார்த்துச் செய்ய வேண்டும். லேசரும் ரேடியோ அலைவரிசையும் இருபது வருஷத்துக்குமேல் லட்சக்கணக்கான கால்களில் பழகிய முறைகள், இது 2019-ல் வெளியே வந்த பிள்ளை. உங்கள் வீட்டில் புண்ணோடு யாராவது இருந்தால் அந்தப் பிள்ளை வளரும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

புண் இரண்டரை மாதத்தில் மூடியது. பழுப்பு அப்படியே இருக்கிறது, அது போகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நெல்லை வெயிலில் அந்த இறுக்கச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு திரிவது சாமானியப்பட்ட காரியமில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அதைக் கழற்றிவிட அவளுக்குக் கை துறுதுறுக்கும். கடைக்குத் திரும்பப் போனாள். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அவள் இருக்கும் செக்ஷனில் நாலு பேருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அந்த ஸ்டூலில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை, வாடிக்கையாளர் முன்னால் உட்கார்வது மரியாதை இல்லையாம். இருபத்தைந்து வருஷம் நிற்க வைத்துப் பழக்கிய உடம்பு. ஆனால் இப்போது அரைமணிக்கு ஒருதரம் முன்பாதத்தில் எம்பி எம்பிக் குதிகாலை உயர்த்துகிறாள். கெண்டைக்கால் சதை வேலை செய்யட்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தது. கூட நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்திருக்கிறாள், ரேக்குக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து செய்கிறார்களாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி டாப்ளர். அதே அறை, அதே குளிர்ந்த பசை. டாக்டர் கெண்டைக்காலை அழுத்தி விட்டார். திரையில் அந்தச் சிரை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கயிறு மாதிரி ஒன்று தெரிந்தது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.

"சத்தத்தையே காணமே?" என்றாள் அக்கா.

"அதான் வேணும்" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு, நானோ டாக்டரோ எதுவும் சொல்வதற்கு முன்னால், சேலையை இடது முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலையும் ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.